ஒரே கப்பல், இரண்டு உறைகள்: யூ.எஸ்.எஸ். வெஸ்ட் பாயிண்டின் பெயர் எங்கே போனது?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆல்பம் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதற்குள் இரண்டு அமெரிக்கக் கடற்படை உறைகள் இருந்தன. முதலாவதில் 1941 அக்டோபர் தேதி. வட்ட முத்திரையிலேயே 'யூ.எஸ்.எஸ். வெஸ்ட் பாயிண்ட்' என்று கப்பலின் பெயர் இருக்கிறது. இரண்டாவதில் 1944 நவம்பர் தேதி. ஸ்டாம்பே இல்லை, ஸ்டாம்ப் ஒட்டும் மூலையில் 'ஃப்ரீ' என்று பேனாவால் எழுதியிருக்கிறது, முத்திரையில் 'யூ.எஸ். நேவி' என்பது மட்டும்தான். ஆனால் அனுப்பியவர் முகவரியில் அதே வெஸ்ட் பாயிண்ட். இரண்டும் ஒரே கப்பல்தானா, அது என்ன கப்பல், இரண்டாவதில் பெயர் ஏன் காணாமல் போனது, இவற்றுக்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே கப்பல்தான். உங்கள் கையில் இருப்பது ஒரு நல்ல ஜோடி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரண உறைகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், நடுவே ஒரு போர் மூண்டது கண்ணுக்குத் தெரியும். கடற்படை உறைகளைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறவன் நான். இந்தக் கப்பல் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெஸ்ட் பாயிண்ட் பிறக்கும்போது போர்க்கப்பல் இல்லை. 'அமெரிக்கா' என்ற பெயரில் கட்டப்பட்ட ஆடம்பரப் பயணிகள் கப்பல். வடிவமைத்தவர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ். வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் கட்டும் தளத்தில் 1938 ஆகஸ்ட் 22 அன்று அடிக்கட்டை போட்டார்கள். 1939 ஆகஸ்ட் 31 அன்று, அப்போதைய அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் கையால் கப்பல் நீரில் இறங்கியது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். மறுநாள் விடியலில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்துவிட்டது.

ஐரோப்பாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடுவதற்கென்று கட்டிய கப்பல் ஐரோப்பாவுக்கே போக முடியாமல் போயிற்று. 1940 ஆகஸ்ட் 22 அன்று முதல் பயணம் கிளம்பியபோது மேற்கிந்தியத் தீவுகள் பக்கம்தான் அனுப்பினார்கள். அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. நீர்மூழ்கிகள் தவறிப்போய் டார்பிடோ விட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கப்பலின் இரண்டு பக்கமும் பிரம்மாண்டமான அமெரிக்கக் கொடிகள், கம்பெனி பெயர், கப்பல் பெயர் எல்லாம் வரைந்திருந்தார்கள். ராத்திரியில் அத்தனை விளக்குகளையும் எரியவிட்டுத்தான் ஓடியது. 'இது அமெரிக்கா, சுடாதே' என்று கடலெல்லாம் கேட்கும்படி கத்திக்கொண்டே போன கப்பல் அது. உங்கள் இரண்டாவது உறைக்கு வரும்போது இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1941 ஜூன் மாதம் கடற்படை இந்தக் கப்பலை எடுத்துக்கொண்டது. ஜூன் 15 அன்று யூ.எஸ்.எஸ். வெஸ்ட் பாயிண்ட் என்ற புதுப் பெயருடன் பணியில் சேர்ந்தது. பெயரோடு ஏ.பி. 23 என்ற எண்ணும் கிடைத்தது; ஏ.பி. என்பது துருப்புக் கப்பல் வகைக்கான குறி. 1,202 பயணிகளுக்காகக் கட்டிய கப்பலில் நாற்காலி, மேசை, அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அடுக்கடுக்காகக் குழாய்க் கட்டில் போட்டு 8,175 வீரர்களை ஏற்றும்படி மாற்றினார்கள். அமெரிக்கக் கடற்படையின் துருப்புக் கப்பல்களில் இவ்வளவு பேரை ஏற்றக்கூடியது வேறு கிடையாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. அமெரிக்கா என்ற பெயரில் ஓடிய காலத்தில் அதன் சிப்பந்திகளில் இரண்டு பேர் ஜெர்மன் உளவாளிகளாக இருந்தார்கள். 1941இல் பிடிபட்டு 33 பேர் தண்டனை பெற்ற டூகேன் உளவு வழக்கில் இவர்களும் இருந்தார்கள். எந்தக் கப்பல் எப்போது எங்கே போகிறது என்பதுதான் அந்தக் காலத்தில் உளவாளிகள் தேடிய முக்கியமான சரக்கு. பிறகு முத்திரையிலிருந்து பெயரை அழித்ததற்கும் இதே பயம்தான் காரணம்.

சரி, இப்போது முதல் உறையை எடுங்கள்.

அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் தனித் தபால் நிலையம் வைக்க 1908இல் சட்டம் வந்தது. கப்பலிலேயே ஒரு மாலுமி தபால் எழுத்தராக இருப்பார். அவர் கையில் கப்பலின் பெயர் பொறித்த முத்திரைக் கட்டை. வட்டத்துக்குள் பெயரும் தேதியும், வலது பக்கம் ஸ்டாம்ப் மேல் விழுகிற பட்டைக் கோடுகள். அந்தக் கோடுகளுக்கு நடுவிலேயே, கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயரை அச்சு எழுத்துகளால் கோர்த்து அடிக்கும் பழக்கமும் இருந்தது. 1930களின் உறைகளில் பட்டைகளுக்கு நடுவே 'ஷாங்காய், சீனா' போன்ற வரிகளைப் பார்க்கலாம். எந்தக் கப்பல், எந்த நாள், எந்த ஊர் என்று மூன்று விவரமும் ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டத்திலும் அதை ஒட்டிய நாலு கோட்டிலும் கிடைத்துவிடும். சேகரிப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1932இல் இதற்கென்றே யுனிவர்சல் ஷிப் கேன்சலேஷன் சொசைட்டி என்ற சங்கம் உருவானது. இன்றும் அது இருக்கிறது. அதற்கு முன்பே டாக்டர் லோசி என்பவர் முத்திரைகளை வட்டம், பட்டை, எழுத்தின் அமைப்பு ஆகியவற்றை வைத்து எண் கொடுத்து வகைப்படுத்தியிருந்தார். இப்போதும் நாங்கள் 'லோசி மூன்று', 'லோசி ஐந்து' என்றுதான் பேசிக்கொள்கிறோம்.

இந்த ஆர்வத்தால் இன்னொரு பழக்கமும் பிறந்தது. கப்பல் நீரில் இறங்கும் நாள், பணியில் சேரும் நாள், தபால் நிலையம் திறக்கும் நாள், மூடும் நாள் என்று ஒவ்வொன்றுக்கும் சேகரிப்பவர்கள் தங்கள் முகவரி எழுதிய உறைகளை முன்கூட்டியே கப்பலுக்கு அனுப்புவார்கள். தபால் எழுத்தர் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார். உறையின் இடது பக்கம் ஒரு படம் அச்சாகியிருக்கும்; அதைக் கேஷே என்போம். உங்கள் முதல் உறையின் இடது பக்கத்தில் நீல நிறத்தில் கப்பல் படம் இருப்பதாகச் சொன்னீர்கள், முகவரியும் டைப் அடித்தது. ஆக இது ஒரு சேகரிப்பாளர் கேட்டு வாங்கிய உறை என்பது என் கணிப்பு. அதில் குறை ஒன்றும் இல்லை. அந்த மாதம் கப்பலில் எந்த முத்திரைக் கட்டை புழக்கத்தில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த அக்டோபருக்கு முன்னால் ஜூலையில் இந்தக் கப்பல் ஒரு விசித்திரமான வேலை செய்திருந்தது. அமெரிக்கா தன் மண்ணில் இருந்த ஜெர்மன், இத்தாலியத் துணைத் தூதரகங்களை மூடச் சொல்லிவிட்டது. அந்த அதிகாரிகளையும் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு போய் நடுநிலை நாடான போர்ச்சுகலின் லிஸ்பனில் இறக்கியது வெஸ்ட் பாயிண்ட்தான். திரும்பும்போது ஐரோப்பாவில் சிக்கியிருந்த அமெரிக்கத் துணைத் தூதரக ஊழியர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. பின்னால் எதிரிகளாகப் போகிறவர்களைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்ட பயணம் அது.

அக்டோபருக்குப் பின்னால் நடந்ததுதான் பெரிய கதை.

1941 நவம்பர் 10 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஆறு அமெரிக்கத் துருப்புக் கப்பல்கள் கிளம்பின: வெஸ்ட் பாயிண்ட், வேக்ஃபீல்ட், மவுண்ட் வெர்னன், ஜோசப் டி. டிக்மன், லெனார்ட் வுட், ஒரிசாபா. உள்ளே இருந்தவர்கள் 20,000க்கும் அதிகமான பிரிட்டிஷ் வீரர்கள், முக்கியமாக 18ஆவது டிவிஷன். துணைக்கு ரேஞ்சர் என்ற விமானந்தாங்கியும் குவின்சி, வின்சென்ஸ் என்ற குரூசர்களும் டிஸ்ட்ராயர்களும் வந்தன. அமெரிக்கா இன்னும் போரிலேயே இல்லை. ஆனாலும் பிரிட்டனின் படையை அமெரிக்கக் கடற்படை தன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போனது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் 1914 முதல் மதுவுக்குத் தடை. தினமும் ரம் கிடைத்துப் பழகிய பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கத்தை நினைத்துக்கொண்டு ஏறியவர்களுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைத்திருக்காது.

கப்பல்கள் தென்னாப்பிரிக்காவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. டிசம்பர் 9 அன்று அவை கேப் டவுனில் நுழைந்தன. ஹாலிஃபாக்ஸில் ஏறியபோது நடுநிலை நாட்டின் கப்பல், கேப் டவுனில் இறங்கியபோது போரில் இருக்கும் நாட்டின் கப்பல். வீரர்கள் சில நாள் கரையில் கால் நீட்டினார்கள். ஊர்க்காரர்கள் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார்கள். அங்கிருந்து வெஸ்ட் பாயிண்ட் பம்பாய்க்கு வந்தது. டிசம்பர் 27 அன்று சேர்ந்தது. பிறகு சிங்கப்பூர்.

1942 ஜனவரி 29 அன்று வெஸ்ட் பாயிண்டும் வேக்ஃபீல்டும் சிங்கப்பூர் துறைமுகத்தில் நுழைந்து வீரர்களை இறக்கின. மலாயா கிட்டத்தட்ட முழுக்க ஜப்பானியர் கைக்குப் போய்விட்டிருந்தது, தென்கோடியும் சிங்கப்பூர்த் தீவும் மட்டும்தான் பாக்கி. மறுநாள் காலை விமானங்கள் வந்தன. வேக்ஃபீல்ட் மேல் விழுந்த ஒரு குண்டு தளங்களைத் துளைத்துக்கொண்டு போய்க் கப்பலின் மருத்துவ அறையில் வெடித்தது; ஐந்து பேர் இறந்தார்கள். வெஸ்ட் பாயிண்டைச் சுற்றியும் குண்டுகள் விழுந்தன, கப்பல் தப்பித்தது. அன்றைக்கே 1,276 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கடற்படைக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள், பொறியாளர்கள், பொதுமக்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாகக் கொழும்பு, அப்புறம் பம்பாய். அதன் பிறகு சூயஸ் பக்கம் போய், தாய்நாட்டைக் காக்கத் திரும்பிய ஆஸ்திரேலியப் படையினரை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு ஓடியது.

அது கொண்டுபோய் இறக்கிய வீரர்கள்? பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. மூன்று மாதம் கடலில் வந்தவர்கள், தரையிறங்கி மூன்று வாரம் ஆவதற்குள் கைதிகளானார்கள்.

தபால் சேகரிப்பவர்களுக்கு இந்த இடம் நெஞ்சை அடைக்கும். கேப் டவுனிலிருந்தோ பம்பாயிலிருந்தோ அந்த வீரர்கள் போட்ட அட்டைகள்தான் பல வீடுகளுக்கு அவர்கள் சுதந்திரமாக எழுதிய கடைசிக் கடிதங்கள். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. 1943இல் சிறு அட்டைகள் வர ஆரம்பித்தன. மேலே 'இம்பீரியல் ஜப்பானிய ராணுவம்' என்று அச்சு. 'நான் இந்த இடத்தில் சிறை வைக்கப்பட்டிருக்கிறேன்', 'என் உடல்நிலை மிக நன்றாக இருக்கிறது', 'நான் கூலிக்கு வேலை செய்கிறேன்' என்று வரிகள் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சயாம் மரண ரயில் பாதையில் வெறும் எலும்பாக நின்றவர்களும் 'மிக நன்றாக இருக்கிறது' என்ற அதே அச்சு வரியைத்தான் அனுப்பினார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போட்ட ஒரு அட்டையைக்கூட இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. எந்த ஏலப் பட்டியலைப் புரட்டினாலும் அந்த இடம் எனக்கு வெற்றிடமாகவே தெரிகிறது.

இனி இரண்டாவது உறை. இதை வரிவரியாகப் படிக்கலாம்.

முதலில் முத்திரை. அமெரிக்கா போரில் இறங்கியதும் முத்திரையில் கப்பலின் பெயரோ இடமோ வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். காரணம் எளிது. 'வெஸ்ட் பாயிண்ட், இந்தத் தேதி, இந்த ஊர்' என்று பத்து உறைகள் எதிரி கையில் கிடைத்தால், எட்டாயிரம் வீரர்களைச் சுமக்கும் கப்பலின் பாதையை அவன் வரைந்துவிடுவான். அதனால் சில கப்பல்களில் பெயர் இருந்த எழுத்துகளைக் கட்டையிலிருந்தே செதுக்கி எடுத்தார்கள். பிறகு 'யூ.எஸ். நேவி' என்று மட்டும் உள்ள கட்டைகள் பொதுவாக வந்தன. லோசி வகைப்பாட்டில் இப்படிப் பெயரில்லாத முத்திரைக்கு எண்ணின் பின்னால் 'இசட்' என்ற எழுத்தைச் சேர்ப்போம். ஏலப் பட்டியலில் '2 இசட்' என்று பார்த்தால் அதுதான் அர்த்தம். சில முத்திரைகளில் 'நேவி' என்பதோடு ஐந்து இலக்க எண் இருக்கும். அது கடற்படைத் தபால் கிளைக்கான எண். அதை வைத்துக் கப்பலைக் கண்டுபிடிக்கப் பட்டியல்கள் இருக்கின்றன. உங்கள் உறையில் எண் இல்லை என்கிறீர்கள், ஆகவே முகவரிதான் துணை.

பெயரைக் கொடிகளோடு பக்கவாட்டில் எழுதி, விளக்குப் போட்டுக் காட்டிய கப்பல் என்று மேலே சொன்னேன் அல்லவா? நாலே வருடத்தில் அதே கப்பல் சாம்பல் நிறம் பூசி, விளக்கை அணைத்து, ஒரு விரல் நுனி அளவு முத்திரையில்கூடப் பெயரைச் சொல்லாமல் ஓடியது. உங்கள் இரண்டு உறைகளையும் பக்கத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து 'ஃப்ரீ'. 1942 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கப் படையினர் சாதாரணக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதில்லை. அந்த மூலையில் தன் கையாலேயே 'ஃப்ரீ' என்று எழுதினால் போதும். அதனால் அந்த ஒரு சொல் அந்த மாலுமியின் சொந்தக் கையெழுத்து. விமானத் தபாலுக்கு மட்டும் காசு உண்டு, அரை அவுன்ஸுக்கு ஆறு சென்ட். அப்படிப்பட்ட உறைகளில் இரட்டை எஞ்சின் விமானம் போட்ட சிவப்பு ஸ்டாம்ப் இருக்கும். உங்கள் உறையில் அது இல்லை; ஆக இது சாதாரணத் தபாலாகப் போயிருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லாத கடிதம்.

இடது ஓரத்தில் ஒரு சிறு செவ்வகம், அதற்குள் 'பாஸ்டு பை நேவல் சென்சர்' என்ற வரி, அதன் மேல் கிறுக்கலாக இரண்டு எழுத்துகள். கப்பலிலேயே சில அதிகாரிகளுக்கு இந்தத் தணிக்கை வேலை கொடுத்திருப்பார்கள். மாலுமிகள் உறையை ஒட்டாமல் கொடுப்பார்கள். அதிகாரி படித்து, ஊர், தேதி, கப்பல் எங்கே போகிறது என்பது மாதிரி ஏதாவது இருந்தால் பிளேடால் வெட்டியோ மையால் அடித்தோ எடுத்துவிட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போடுவார். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். என்னிடம் இருக்கிற ஓர் உறையில் முத்திரை ஊதா மையிலும் கையெழுத்து பச்சை மையிலும் இருக்கின்றன. அந்தப் பச்சை மை செவ்வகத்தின் கோட்டைத் தொடும் இடத்தில் காகிதத்துக்குள் மயிரிழைபோல் கசிந்திருக்கிறது, முத்திரை ஈரம் காயும் முன்பே அவர் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். பக்கத்தில் இன்னும் எத்தனை நூறு கடிதங்கள் குவிந்து கிடந்தனவோ.

முகவரியில் 'ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ், நியூயார்க்' என்று இருப்பதைப் பார்த்து நியூயார்க்கில் போட்ட கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலுக்கு வரும் தபால் எல்லாம் போய்ச் சேரும் இடம் அது. கப்பல் எங்கே இருக்கிறது என்பது அந்த அலுவலகத்துக்குத்தான் தெரியும். அட்லாண்டிக் பக்கம் ஓடும் கப்பல்களுக்கு நியூயார்க், பசிபிக் பக்கம் ஓடுபவற்றுக்கு சான் பிரான்சிஸ்கோ. ஆக உறை உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: 1944 நவம்பரில் இந்தக் கப்பலின் தபால் அட்லாண்டிக் வழியாக நடந்தது. எந்தத் துறைமுகம் என்று அறிய, கப்பலின் தினசரிப் பதிவேட்டோடு தேதியை ஒப்பிட வேண்டும். அமெரிக்கக் கப்பல்களின் பதிவேடுகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: நடுக்கடலில் குத்திய முத்திரைக்கும் தபால் பை கரையில் இறங்கிய நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். முத்திரைத் தேதி கப்பலின் தேதி, ஊரின் தேதி அல்ல.

இந்தக் கப்பலோடு சம்பந்தப்பட்ட தபால் இவ்வளவோடு முடியவில்லை. உங்கள் உறை கப்பலின் சிப்பந்தி எழுதியது. ஒவ்வொரு பயணத்திலும் கீழே ஏழாயிரம், எட்டாயிரம் ராணுவ வீரர்கள் இருந்தார்களே, அவர்கள் எழுதியதில் கப்பலின் பெயர் எங்கேயும் வராது. ராணுவத் தபால் எண், ராணுவத் தணிக்கை முத்திரை, அவ்வளவுதான். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பத்திரமாக வந்து சேர்ந்ததைச் சொல்லும் அச்சடித்த அட்டை. வீரர்கள் அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் முன்பே அதில் பெயரும் புது முகவரியும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கப்பல் அந்தக் கரை சேர்ந்த செய்தி வரும்வரை அட்டைக் கட்டை அப்படியே பூட்டி வைத்திருப்பார்கள். செய்தி வந்ததும் தபாலில் போடுவார்கள். 'பத்திரமாக வந்து சேர்ந்தேன்' என்று ஒருவன் கிளம்பும் முன்பே எழுதிய அட்டை. அம்மா கையில் கிடைத்தபோது அது உண்மையாகியிருக்க வேண்டும் என்பதற்காக யாரோ காத்திருந்து அனுப்பியது.

1942 ஜூனில் வி-மெயிலும் வந்தது. ஒரு பக்கக் கடிதத்தைப் படம் பிடித்து, பிலிம் சுருளாக அனுப்பி, அந்தக் கரையில் சின்னப் பிரதியாக அச்சிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. 1,50,000 கடிதங்களுக்கு 37 தபால் பைகள் தேவைப்பட்ட இடத்தில் ஒரே பை போதும். 2,575 பவுண்டு எடை 45 பவுண்டாகக் குறைந்தது. கப்பலில் ஒவ்வோர் அடி இடமும் ஆளுக்கோ உணவுக்கோ வேண்டியிருந்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் சேகரிப்பவர்களுக்கு வி-மெயில் கொஞ்சம் ஏமாற்றம்தான். கப்பல் முத்திரையும் காகிதமும் கையெழுத்தின் மையும் ஒன்றும் மிஞ்சுவதில்லை, நிழல் மட்டும்தான் வரும்.

போர் முடிவதற்குள் வெஸ்ட் பாயிண்ட் 3,50,000க்கும் அதிகமான வீரர்களைச் சுமந்துவிட்டது. வேகமான கப்பல் என்பதால் பெரும்பாலும் துணைக்கப்பல்கூட இல்லாமல் தனியாகவே ஓடியது. நீர்மூழ்கி பிடிக்காமல் இருக்க வேகமும் வளைந்து வளைந்து போகும் பாதையும்தான் பாதுகாப்பு. வேக்ஃபீல்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சிங்கப்பூர்க் குண்டிலிருந்து பிழைத்து வந்த அதே 1942இல், செப்டம்பரில், அட்லாண்டிக்கில் தீப்பிடித்து எரிந்தது. இழுத்துக்கொண்டு போய் மறுபடி கட்டித்தான் 1944இல் திரும்பியது. வேக்ஃபீல்ட் உறை ஒன்று கிடைத்தால் வாங்கிவிடுங்கள், உங்கள் ஜோடிக்குச் சரியான துணை.

1946 பிப்ரவரியில் வெஸ்ட் பாயிண்ட் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, அதே வருட நவம்பரில் மறுபடி 'அமெரிக்கா'வாக நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. அதன் பிறகு கப்பலில் போட்ட கடிதங்கள் வேறு வகை. பயணிகள் கப்பலில் தபால் போட்டால், அடுத்த துறைமுகத்தின் தபால் நிலையம் 'பாக்கெபோ' என்ற முத்திரையைக் குத்தும், அது சர்வதேச விதி. 1964இல் கிரேக்க நிறுவனமான சாண்ட்ரிஸ் வாங்கி 'ஆஸ்ட்ராலிஸ்' என்று பெயர் மாற்றி, ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்களை ஏற்றியது. அந்தக் காலத்து அஞ்சலட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. பிறகு இத்தாலிஸ், நோகா, அல்ஃபெர்டாஸ், அமெரிக்கன் ஸ்டார் என்று கைமாறக் கைமாறப் பெயர்களும் மாறின. தாய்லாந்தில் மிதக்கும் ஹோட்டலாக்க இழுத்துப் போனபோது புயலில் வடம் அறுந்து, 1994 ஜனவரி 18 அன்று கனேரித் தீவுகளில் ஃபுவெர்த்தெவெந்துரா கரையில் மோதியது. இரண்டு நாளில் இரண்டாகப் பிளந்தது. இப்போது பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது.

மதிப்பு பற்றிக் கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன்: காசாகப் பார்த்தால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பெரிய கப்பல், நிறைய மாலுமிகள், நிறையக் கடிதங்கள். போர்க்கால 'ஃப்ரீ' உறைகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. விலை கூடுவது தேதியால். 1942 ஜனவரி, பிப்ரவரியில், சிங்கப்பூர், கொழும்பு, பம்பாய் ஓடிய நாட்களில் இந்தக் கப்பலிலிருந்து கிளம்பியதாக நிரூபிக்க முடிந்த உறை கிடைத்தால் அது வேறு கதை. அப்போது 'ஃப்ரீ' சலுகையே வரவில்லை என்பதால் அதில் ஸ்டாம்ப் இருக்க வேண்டும். 'ஃப்ரீ' என்று எழுதி 1942 பிப்ரவரி தேதி போட்ட உறையை யாராவது பெரிய விலைக்குக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. முதல் உறையிலிருக்கும் மூன்று சென்ட் ஸ்டாம்பைத் தண்ணீரில் போட்டுக் கழற்றிவிடாதீர்கள். பள்ளி நாட்களில் நான் அப்படி ஒரு கட்டு உறைகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கெடுத்தேன். ஸ்டாம்புகள் இன்னும் இருக்கின்றன, எந்தக் கப்பலிலிருந்து வந்தவை என்பது மட்டும் எனக்குத் தெரியவே தெரியாது. லேமினேட் செய்ய வேண்டாம், செல்லோடேப் வேண்டாம். பி.வி.சி. கலக்காத மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள், மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் காகிதம் பழுப்புப் புள்ளி விட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். குறிப்பு எழுத வேண்டுமென்றால் தனித்தாளில் பென்சிலால் எழுதி உறையோடு வையுங்கள்.

இரண்டாவது உறைக்குள் கடிதம் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. உறையின் மேல் மடிப்பு திறந்திருந்தால் மெதுவாக உள்ளே பாருங்கள். இருந்தால் முதலில் தாளில் ஓட்டை வெட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். ஓட்டை இருக்கிற வரியின் முன்னும் பின்னும் மிஞ்சியிருக்கும் சொற்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். 1944 நவம்பர்ப் பதிவேட்டோடு வைத்துப் பார்க்கலாம்.